தைத்த நரம்பும் கற்கும் மூளையும்



அறுந்த நரம்பைத் தைத்த பிறகு மூளை என்ன செய்கிறது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நரம்புக் காயம் என்றதும் நாம் கையைப் பார்ப்போம், காலைப் பார்ப்போம், தையலைப் பார்ப்போம். மூளையை யாரும் நினைப்பதில்லை. அடிபட்டது கையில்தானே, தலையில் இல்லையே என்று இருந்துவிடுகிறோம்.

கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஜன்னல் கண்ணாடி கிழித்திருக்கும். ஒருவருக்குக் கதிர் அரிவாள் பட்டிருக்கும். இன்னொருவர் விசைத்தறியில் கையைக் கொடுத்தவர். காரணம் வேறு வேறு. ஆனால் புலம்பல் ஒன்றுதான். "நரம்பைச் சேர்த்தாச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். தையல் பிரிச்சும் மாசக்கணக்காச்சு. ஆனா விரல் என் விரல் மாதிரியே இல்ல."

நரம்பு சேர்ந்துவிட்டது. விரல் ஏன் இன்னும் அவருடைய விரலாகவில்லை?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பைத் தைப்பவர் மருத்துவர். கையை மீட்பது மூளை. தையல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மூளையின் வேலையோ மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அந்த வேலை தானாக நடந்துவிடும் என்று விட்டுவிட்டால் பாதிக் கைதான் திரும்பி வரும். கற்றுக்கொடுத்தால்தான் மூளை கற்கும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் நரம்பைப் பார்ப்போம். 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டி, பிறகு நடப்பதை நுண்ணோக்கியில் கவனித்தார். வெட்டுக்கு அப்பால் இருந்த இழைகள் சிதைந்து அழிந்தன. இந்தச் சிதைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆக, மருத்துவர் இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்தாலும், கீழே இருக்கும் பகுதி உடனே உயிர் பெறுவதில்லை. அங்கே மிஞ்சுவது உறைகள் மட்டும்தான். மேலே உயிரோடு இருக்கும் இழைகள் துளிர்விட்டு, அந்த உறைகளுக்குள் புகுந்து, விரல் நுனி வரை புதிதாக வளர்ந்து போக வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் வளரும்? நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியைத் தொட அரை ஆண்டு ஆகும். கழுத்தருகே அறுந்தால்? உள்ளங்கைக்கு வரவே இரண்டு ஆண்டு. அதுவரை தசை காத்திருக்குமா? காத்திருக்காது. நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை ஆண்டில் வலுவிழந்து நார்போல ஆகிவிடும். நரம்புக் காயத்தில் காலம் கடத்தக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

வளரும் நுனி எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் கூட வேண்டாம். நரம்பு போகும் வழியில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் போதும். ஓரிடத்தில் மின்சாரம் பாய்ந்தது போல விரல்களுக்குச் சுரீரென்று ஓடும். அங்கேதான் நுனி நிற்கிறது. அடுத்த மாதம் தட்டினால் அந்த இடம் ஒன்றிரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் எழுதிவைத்த இந்த முறையை இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் பார்க்கலாம்.

சரி, நுனி விரலைத் தொட்டுவிட்டது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. நுண்ணோக்கியின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால், கட்டுக்குக் கட்டு பொருத்தித் தைக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வோர் இழையையும் அதன் பழைய உறைக்குள் அனுப்ப எந்தக் கையாலும் முடியாது. ஆள்காட்டி விரலுக்குப் போக வேண்டிய இழை நடுவிரலுக்குப் போய்விடும். அழுத்தத்தைச் சொல்ல வேண்டிய இழை வேறெங்கோ முடியும். ஓர் ஊரில் ஒரே இரவில் வீட்டு எண்களை எல்லாம் யாரோ மாற்றி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தபால் வரத்தான் செய்யும். ஆனால் முத்துசாமிக்கு வந்த கடிதம் மூக்காயி வீட்டில் கிடக்கும். தைத்த நரம்பின் வழியாக மூளைக்கு வரும் செய்தியும் இப்படித்தான் வருகிறது. வருகிறது, ஆனால் விலாசம் மாறி வருகிறது.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் உண்டு. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட். நோயாளிகளைக் கேட்டால், "என்னமோ மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் நானே அனுபவித்துச் சொல்கிறேன் என்று முடிவெடுத்தார். 1903 ஏப்ரல் 25 அன்று தம் இடது முன்கையின் தோல் நரம்புகளை வெட்டி, மறுபடி சேர்த்துத் தைக்கச் செய்தார். வெட்டுப்பட்டவர் அவர். சோதித்தவர் யார்? டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். அவர் நமக்கு அந்நியர் அல்ல. 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடையே ஆராய்ச்சி செய்து, அவர்களைப் பற்றி 1906இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட அதே ரிவர்ஸ்தான்.

கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ரிவர்ஸின் அறை. ஹெட் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருப்பார். ரிவர்ஸ் பஞ்சால் வருடுவார், ஊசியால் குத்துவார், சூடான பொருளை வைப்பார், குளிர்ந்த பொருளை வைப்பார். நான்கு ஆண்டுக்கு மேல் இது நடந்தது. முதலில் திரும்பி வந்தது வலியும் கடும் சூடு, குளிர்ச்சியும்தான். அதுவும் எப்படி? குத்தியது ஓரிடம், சுள்ளென்றது வேறிடம். மெல்லிய தொடுகை வெகு காலம் கழித்தே வந்தது. 1908இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். உணர்ச்சி இரண்டு வகை என்று அவர்கள் கட்டிய கோட்பாடு பிறகு கேள்விக்குள்ளானது. அவர்கள் எழுதிவைத்த அனுபவம் நிலைத்தது. அதே ஹெட் 1911இல், கார்டன் ஹோம்ஸோடு சேர்ந்து, நம் மூளைக்குள் உடலின் மாதிரி ஒன்று இருக்கிறது, அது அசைவுக்கு அசைவு புதுப்பிக்கப்படுகிறது என்று எழுதினார். கையில் தொடங்கியவர் மூளைக்கு வந்து சேர்ந்தார்!

நாமும் மூளைக்கு வருவோம்.

கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையிலேயே வைத்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் "கட்டைவிரல் கூசுகிறது" என்பார் நோயாளி. சற்றுத் தள்ளித் தொட்டால் "உதடு" என்பார். 1937இல் அவர் வெளியிட்ட வரைபடம் உலகப் புகழ் பெற்றது. அதில் முதுகுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். கைக்கும் உதட்டுக்கும் கிடைத்த இடம் ஏராளம். கையின் இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்தின் இடம். இதை மட்டும் நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

இந்த வரைபடம் பிறப்பிலிருந்து இறப்பு வரை மாறாது என்றுதான் வெகு காலம் நம்பினார்கள். 1983இல் மைக்கேல் மெர்செனிக்கும் ஜான் காஸும் அவர்களுடைய குழுவினரும் குரங்குகளின் கையில் மீடியன் நரம்பை வெட்டினார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உட்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அது. மீண்டும் வளராதபடி கட்டியும் விட்டார்கள். மூளையில் அந்த விரல்களுக்கு உரிய இடம் செய்தி வராமல் வெறுமையாகக் கிடக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கிடக்கவில்லை! புறங்கையைத் தொட்டால் அந்த இடம் பதில் சொன்னது. அதில் ஒரு பகுதி உடனேயே நடந்தது. மற்றது வாரக்கணக்கில் பரவியது. உடனே எப்படி நடக்கும்? அந்த இணைப்புகள் முன்பே அங்கே இருந்தன. பெரிய நரம்பின் குரல் ஓங்கியிருந்தவரை அவை அடங்கிக் கிடந்தன. அது ஓய்ந்ததும் வெளிப்பட்டன.

இன்னொரு சோதனை நமக்கு அதைவிட முக்கியம். நரம்பை வெட்டாமல் நசுக்கினால் உறைகள் அறுபடுவதில்லை. இழைகள் பழைய வழியிலேயே வளர்ந்து போகும். அப்போது மூளையின் வரைபடமும் பழையபடியே திரும்பியது. ஆனால் வெட்டித் தைத்தால்? ஒரே விரலுக்கு மூளையில் அங்கொரு துண்டு, இங்கொரு துண்டு. நசுங்கிய நரம்புக்கும் தைத்த நரம்புக்கும் உள்ள வேறுபாடு மூளையில் அப்படியே பதிந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சொன்னாரே, "என் விரல் மாதிரியே இல்ல" என்று. அவர் சொன்னது பிரமை அல்ல. அவர் மூளை அப்போது அப்படித்தான் இருந்தது.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன். 1990களின் தொடக்கத்தில், கையை இழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். கன்னத்தைத் தொட்டால், இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாக அவர்கள் சொன்னார்கள். கைக்குப் பக்கத்தில் முகம் என்று சொன்னேனே, அதுதான். கையின் இடத்துக்குள் முகத்தின் செய்தி புகுந்துவிட்டது என்று அவர் விளக்கினார்.

அத்தோடு கதை முடிந்ததா? அறிவியலில் எந்தக் கதையும் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. பிரிட்டனில் டமார் மேக்கின் குழுவினர், கையை இழந்து பல ஆண்டுகள் ஆனவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இல்லாத கையை அசைக்கச் சொன்னார்கள். மூளையில் அந்தக் கையின் இடம் இயங்கியது. 2013இல் இதை வெளியிட்டார்கள். 2025இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூன்று பேரை, கை அகற்றப்படுவதற்கு முன்பும் பின்பும் சோதித்து, கையின் வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருப்பதாகக் காட்டினார்கள். எவ்வளவு மாறுகிறது, எவ்வளவு நிலைக்கிறது என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

நோயாளிக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. மூளை பழையதை அழித்துவிடுவதில்லை. பக்கத்திலிருக்கும் செய்திக்கும் காது கொடுக்கிறது, பழைய கையையும் மறக்காமல் வைத்திருக்கிறது. அந்தப் பழைய இடத்தைத் தட்டி எழுப்ப முடியும் என்றால், முயலாமல் இருப்பது யார் குற்றம்?

முடியுமா என்று கேட்பீர்கள். பிரேக்கியல் பிளெக்ஸஸ் காயத்தைப் பாருங்கள். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அது. இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் இழுபடும்போது, சில நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டுவிடும். ஹெல்மெட் தலையைக் காக்கும், இந்த நரம்பைக் காக்காது. பிடுங்கப்பட்ட வேரைத் தைத்துப் பயனில்லை. அதனால் மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்? விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் சுவாச நரம்புகளில் இரண்டு மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு சேர்க்கிறார்கள்.

பல மாதம் கழித்துத் தசையில் முதல் துடிப்பு தெரியும். எப்போது? கையை மடக்க நினைக்கும்போது அல்ல. மூச்சை ஆழமாக இழுக்கும்போது! இருமினால் முழங்கை அசையும். தும்மினால் அசையும். பயிற்சியாளர் சொல்வார்: "மூச்சை நல்லா இழுங்க, இப்ப மடக்குங்க." நாள்தோறும் இதேதான். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு போகட்டும். அதே மனிதர் பேசிக்கொண்டே, மூச்சைப் பற்றிய நினைப்பே இல்லாமல், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவார். தும்மல் வந்தால் மட்டும் கை கொஞ்சம் எம்பும்.

உள்ளே நடந்தது என்ன? 1990களில் ஜப்பானிய மருத்துவர்கள், தலைக்கு மேல் காந்தத் தூண்டல் கருவியை வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் அந்தத் தசையை ஆட்டுவித்தது மூளையில் விலாவுக்கு உரிய இடம். நாளாக ஆக, கட்டளை பிறக்கும் இடம் கைக்கு உரிய பகுதியை நோக்கி நகர்ந்திருந்தது. நரம்பு விலாவினுடையது, கட்டளை கையினுடையது! இது எப்படி முடிந்தது? கையை நீட்டும்போதெல்லாம் உடம்பு சாயாமல் இருக்க நடுவுடல் தசைகளும் கூடவே இயங்கும். அதனால் அந்த இரண்டு இடங்களுக்கும் மூளையில் ஏற்கெனவே தொடர்பு உண்டு. பயிற்சி அந்தத் தொடர்பை வலுவாக்குகிறது.

இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் சீனாவில் செய்தார்கள். 1986இல் ஷாங்காயின் ஹுவாஷன் மருத்துவமனையில் கு யூடோங், நன்றாக இருக்கும் கையின் பக்கத்திலிருந்து ஏழாம் கழுத்து நரம்பை எடுத்து, செயலிழந்த கைக்குக் கொண்டுபோனார். அதே ஊரில் பின்னாளில் இதைப் பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்பால் கை இறுகிப்போனவர்களுக்கும் செய்து பார்த்தார்கள். 36 பேரைக் கொண்ட அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்ட 18 பேரின் கை, பயிற்சி மட்டும் பெற்ற 18 பேரின் கையைவிடத் தெளிவாகத் தேறியிருந்தது. வலது கையை இடது பாதி மூளை ஆளும் என்று பள்ளியில் படித்தோம். இவர்களில் பாதிக்கப்படாத பாதி மூளை, தன் பக்கத்துக் கையையும் ஆளக் கற்றுக்கொண்டது.

மூளை எந்த அளவுக்கு மாறும் என்பதற்கு இன்னும் ஒரு சான்று. 2000இல் பிரான்ஸின் லியோன் நகரில், இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கொடையாகப் பெற்ற கைகள் பொருத்தப்பட்டன. அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனில் கையின் இடம் ஓரமாக ஒதுங்கியிருந்தது. மாதங்கள் செல்லச் செல்ல அது பழைய இடத்துக்குத் திரும்பியது. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இரு கை மாற்று அறுவை நடந்தது. பிறர் கையையே தன் கையாக ஏற்கும் மூளை, தன் சொந்த விரலை ஏற்காதா?

ஏற்கும். ஆனால் கற்றுக்கொடுக்க வேண்டும். இனி அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சிறு பிள்ளைகளுக்கு இதை அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நரம்பைத் தைத்தால் பெரியவர்களைவிட மிக நன்றாகத் தேறுகிறது. நரம்பு வளர வேண்டிய தூரம் குறைவு என்பது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. அந்த மூளை புதிய விலாசங்களை எளிதில் கற்றுக்கொள்கிறது. பெரியவர்களுக்கு, தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு பையில் இருக்கும் நாணயத்தை அடையாளம் காணும் நுட்பம் முழுமையாகத் திரும்புவது அரிது. வயதைக் குறைக்க முடியாது. பயிற்சியைக் கூட்டலாம் அல்லவா?

ஸ்வீடனின் மால்மோவில் கோரான் லுண்ட்போரியும் பிர்கிட்டா ரோசேனும் வாழ்நாள் முழுக்க இதற்காக உழைத்தவர்கள். அவர்கள் சொன்னது இரண்டு. முதலாவது: நரம்பு விரலை எட்டும் வரை காத்திராதீர்கள். முதல் வாரங்களிலேயே தொடங்குங்கள். விரல் உணராவிட்டால் என்ன? கண் பார்க்கட்டும், காது கேட்கட்டும். மரத்த விரலைத் தொடும்போது அதை உற்றுப் பார்க்க வேண்டும். விரல் உரசும் ஒலியை நுண்ஒலிவாங்கி வைத்த கையுறை வழியாகக் கேட்கவும் வைத்தார்கள். கையின் இடம் மூளையில் விழித்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். இரண்டாவது: முன்கையில் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவினார்கள். முன்கையின் செய்தி ஓய்ந்ததும், பக்கத்திலிருக்கும் கையின் செய்திக்கு மூளையில் கூடுதல் இடம் கிடைக்கிறது. விரலின் உணர்திறன் மேம்பட்டது. பக்கத்து இடத்தைப் பற்றிக் குரங்குகளிடம் கண்டது, இங்கே மருந்தாகவே மாறிவிட்டது!

நரம்பு விரலை எட்டிய பிறகு செய்யும் பயிற்சிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பென்சிலின் ரப்பர் நுனி போதும். கண்ணைத் திறந்துகொண்டு விரலில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுங்கள். பாருங்கள். கண்ணை மூடுங்கள். மறுபடி இழுங்கள். எங்கே தொட்டது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து சரிபாருங்கள். பார், மூடு, சொல், சரிபார். இது கைவந்ததும் சணல் சாக்கு, பட்டுத் துணி, உப்புத்தாள் என்று மாற்றி மாற்றித் தடவிப் பழகலாம். பிறகு ஒரு பாத்திரம் அரிசிக்குள் சாவி, சட்டைப் பொத்தான், ஐந்து ரூபாய்க் காசு, புளியங்கொட்டை என்று புதைத்துவைத்து, பார்க்காமல் தேடி எடுத்துப் பெயர் சொல்லலாம். ஒரு நாளில் நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட இதுதான் நல்லது. மனம் வேறெங்கோ இருக்கும்போது செய்த பயிற்சி மூளையில் பதியாது.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1940களின் இறுதியில் வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். ஒரு வேலைக்குப் பழகிய தசைக்கு வேறு வேலை. அதற்கும் பயிற்சிதான் உயிர். கத்தி பட்டால் மட்டும் போதாது, கற்க வேண்டும் என்பதை இந்த மண் முக்கால் நூற்றாண்டாக அறிந்திருக்கிறது.

அறிந்தும் எங்கே தவறுகிறோம்? அறுவைக்குக் கடன் வாங்குகிறோம். பயிற்சிக்கு வரச் சொன்னால் பஸ் கட்டணத்தை எண்ணுகிறோம். தினக்கூலிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் அரிசியும் காசும் பொத்தானும் போதும் என்று இவ்வளவு நேரம் அழுத்திச் சொன்னேன். முதல் முறை முறையாகக் கற்றுக்கொண்டால், மீதியை வீட்டுத் திண்ணையில் செய்யலாம். அம்மா செய்துவைக்கலாம், மகள் செய்துவைக்கலாம்.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் "பிசியோ" என்று ஒரு சொல்லைக் கிறுக்கிவிடாதீர்கள். என்ன பயிற்சி, ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை மாதம் என்று எழுதுங்கள். மரத்த கையைச் சூடான பாத்திரத்திலிருந்தும் வண்டியின் சைலன்சரிலிருந்தும் காக்கவும் சொல்லுங்கள். வலி தெரியாத கை தீப்புண்ணையும் அறியாது.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். "எப்ப டாக்டர் தையல் பிரிப்பீங்க?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எப்ப டாக்டர் பயிற்சி தொடங்குவீங்க?" என்று கேளுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கேள்வி ஒவ்வொரு வார்டிலும் ஒலிக்கத் தொடங்கினால், நரம்பு தைக்கப்பட்டும் கை வராமல் வீட்டுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை நம் காலத்திலேயே குறையும்.

 வணக்கம்.